எடம் இருக்கா?

செந்தில்நாதனை ஒரு இடத்தில் உட்கார வைப்பதும் ஓடுகிற பஸ்ஸுக்குப் பொட்டு வைப்பதும் ஒன்றுதான் என்பாள் அவர் மனைவி மாதேவி. கட்டிக்கொண்டவளுக்குத் தெரியாததா? சாப்பிட உட்கார்ந்தால் ஒரு கால் ஆடும். டிவி முன்னால் உட்கார்ந்தால் இரண்டும் ஆடும். மைசூர் விஜயநகரில் ஆசை ஆசையாக வீடு கட்டினாரே தவிர, மனிதர் வாசல் கேட்டுக்கும் மொட்டை மாடிக்கும் நடுவில்தான் குடியிருந்தார்.

ஸ்டியரிங்கைப் பிடித்தால் மட்டும் அந்தக் கால் அடங்கும்.

பிறந்தது தமிழ் பேசுகிற கௌதள்ளியில். கொள்ளேகாலில் படித்து, மருந்துக் கம்பெனியில் ரெப்பாகச் சேர்ந்து, நஞ்சன்கூடு, சாமராஜநகர், ஹனூர் என்று முப்பது வருஷத்துக்கு மேல் டாக்டர்களின் வாசலில் பையோடு நின்றவர். முதலில் பஸ்ஸில் போனார், பிறகு பைக்கில், ஏரியா மேனேஜர் ஆனதும் காரில். "டாக்டர் ரூம்புல ரெண்டு நிமிசம், ரோட்டுல ரெண்டு மணி நேரம், அதானுங்க நம்ம உத்தியோகம்" என்பார். அந்த ரோட்டுக்காகத்தான் அந்த ரூமைப் பொறுத்துக்கொண்டார் என்பது அவரோடு ஒரு தடவை பயணம் போனவர்களுக்குத் தெரியும். டாக்டர் முன்னால் குழைந்து நிற்கிற ஆள், காருக்குள் ஏறியதும் நிமிர்ந்து உட்காருவார். ரிட்டயர் ஆனதும் பை போயிற்று, விசிட்டிங் கார்டு போயிற்று, 'சார் சார்' என்று சுற்றிவந்த ஜூனியர்கள் போனார்கள். மிச்சம் இருந்தது கார் சாவி ஒன்றுதான்.

அதையும் வைத்துவிடு என்று ஒரு டாக்டரே சொன்னார். விதியின் குசும்பைப் பாருங்கள்: எந்தக் கண் டாக்டரிடம் செந்தில்நாதன் வருஷக்கணக்காகச் சொட்டு மருந்தின் பெருமையைப் பாடினாரோ, அதே டாக்டர், அதே அறை. இந்தத் தடவை நாற்காலிதான் மாறியிருந்தது. கண்ணில் அழுத்தம் கூடி, இடது கண்ணில் ஓரப்பார்வை ஏறக்குறைய போய்விட்டது, வலது கண்ணிலும் ஆரம்பித்திருக்கிறது, போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள், கார் ஓட்டுவதை விட்டுவிடு என்று அவர் கன்னடத்தில் மெதுவாகச் சொன்னார். வலிக்காமல் வரும், நேரே பார்த்தால் எல்லாம் தெரியும், ஓரம்தான் முதலில் போகும் என்பதெல்லாம் செந்தில்நாதனே நூறு டாக்டர்களிடம் கிளிப்பிள்ளை போல ஒப்பித்ததுதான். தன் ஓரம் போனது மட்டும் அவருக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து மாதேவியிடம் பாதியைச் சொன்னார். "கண்ணுல பிரஷர் எச்சா இருக்குதாமா. சொட்டு மருந்து போட்டாச் சரியாப் போயிரும்." மீதிப் பாதியைத் தொண்டையிலேயே வைத்துக்கொண்டார். அது அங்கேயே உட்கார்ந்து உறுத்தியது.

அதற்குப் பிறகு, முன்சீட்டில் இடப்பக்கம் உட்காரும் மாதேவிதான் அவருடைய இடது கண். அந்த உத்தியோகம் தனக்குக் கிடைத்திருப்பது அவளுக்குத் தெரியாது. லெஃப்ட்டில் திரும்பும்போது, ஆட்டோவைத் தாண்டும்போது, சந்துக்குள் நுழையும்போது, "எடம் இருக்கா?" என்று கேட்பார். அவள் எட்டிப் பார்த்து, "இருக்கு, வாங்க" என்பாள். முன்பெல்லாம் காருக்குள் அவள் வாயைத் திறந்தாலே, "நீ ஓட்டுறயா, நான் ஓட்டட்டுமா?" என்று எரிந்து விழுகிறவர் அவர். இப்போது இத்தனை மரியாதை! "நம்ம வீட்டுக்காரரு இப்பெல்லாம் என்னைக் கேக்காம வண்டியத் திருப்பறதே இல்ல" என்று பக்கத்து வீட்டு ரங்கம்மாவிடம் அவள் பெருமை அடித்துக்கொண்டது மாடியில் நின்றிருந்த அவர் காதில் விழுந்தது. அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை. சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை கீழே இறங்கி வந்தார். இரண்டு தடவையும் தண்ணீர் குடித்துவிட்டு மேலே போனார்.

வண்டவாளம் தண்டவாளம் ஏறப் பார்த்தது வாட்டர் டேங்க் ரோட்டில். அங்கே கெம்பம்மா என்பவள் தள்ளுவண்டியில் இளநீர் விற்பாள். ஒரு காலை வேளையில் எதிரே டெம்போ ஒன்று வர, செந்தில்நாதன் காரை இடப்பக்கமாக ஒடித்தார். மாதேவி மைசூரிலேயே பிறந்து கன்னடப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். நிதானமாக இருக்கும்போது தமிழ் பேசுவாள். அவசரம் என்றால் வாயில் வருவது கன்னடம்தான்; கணவனைக் கூப்பிடுவதும் 'ஏங்க' என்றல்ல, 'ரீ' என்றுதான். "எட! எட!" என்று கத்தினாள். கன்னடத்தில் எட என்றால் இடப்பக்கம். இடப்பக்கம் பாருங்கள், வண்டி நிற்கிறது என்று அவள் கத்தினாள். கௌதள்ளிக்காரர் காதில் அது 'எடம்' என்று விழுந்தது. எடம் இருக்கிறது, தாராளமாகப் போ என்று எடுத்துக்கொண்டார். தாராளமாகவே போனார்.

தள்ளுவண்டி சாய்ந்து இளநீர்க் காய்கள் ரோடெல்லாம் உருண்டன. நல்ல வேளை, கெம்பம்மா அந்தப் பக்கம் நின்று யாருக்கோ காய் சீவிக்கொண்டிருந்தாள். அதே அரிவாளோடு ஓடிவந்து, "கண்ணு காணல்வா நிமகெ?" என்று கேட்டாள். கண் தெரியவில்லையா என்பது மைசூர் ரோட்டில் எல்லாரும் எல்லாரையும் கேட்கிற கேள்விதான். யாரும் அதற்குப் பதில் சொல்வதில்லை. செந்தில்நாதனுக்கு மட்டும் வியர்வையில் சட்டை நனைந்துவிட்டது. உருண்ட காய்களைக் குனிந்து பொறுக்கினார், கேட்டதைக் கொடுத்தார், கும்பிடு போட்டார், காரில் ஏறியதும் மனைவி மேல் பாய்ந்தார்.

"நீதான புள்ள எடம்னு சொன்ன?"

"நான் எட அந்தேன் ரீ! லெஃப்ட்ல வண்டி இருக்குன்னு சொன்னேன். எடம் இருக்குன்னா சொன்னேன்?"

"தமிழ்ல சொல்றதுக்கு என்ன கேடு?"

"மைசூர்ல இருந்துக்கிட்டு நீங்க கன்னடத்துல கேட்டுக்கறதுக்கு என்ன கேடு?"

சண்டை வீட்டுக்கு வருவதற்குள் சிரிப்பாக மாறிவிட்டது. மாதேவி ரங்கம்மாவிடம் சொன்னாள். ரங்கம்மா வீதிக்கே சொன்னாள். ஹைதராபாத்தில் வேலையிலிருந்த மகள் வைஷாலி போனில் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். கல்யாண வீடுகளில் செந்தில்நாதனே அதை நடித்துக் காட்ட ஆரம்பித்தார். பழி மொழி மேல் விழுந்தது, கண் தப்பித்தது. ஆனால் ஒவ்வொரு தடவை சிரித்து முடித்ததும் ஒரு கேள்வி வந்து நின்றது. காய் உருண்ட இடத்தில் ஒரு ஆள் நின்றிருந்தால்? அந்தக் கேள்வியை அவர் பாதியிலேயே விட்டுவிட்டு மொட்டை மாடிக்குப் போய்விடுவார்.

மகள்தான் வழி சொன்னாள், அதுவும் தெரியாமல். "டாடி, அந்தப் பழைய வண்டியத் தள்ளிவிடுங்க. இப்ப ஏடாஸ் இருக்கற வண்டியெல்லாம் வருது. டிரைவருக்கு அதுவே உதவி பண்ணும். முன்னாடி யாராவது வந்தா அதுவே பிரேக் போடும். சைடுல வண்டி வந்தாக் கண்ணாடில லைட் எரியும். கியரு கிடையாது, கிளச்சு கிடையாது. சும்மா உக்காந்துக்கிட்டு ஓட்டலாம்."

"சைடுல வர்றத அதுவே சொல்லுமா?" என்றார் செந்தில்நாதன். ஆடிக்கொண்டிருந்த கால் நின்றது.

அன்று பிடித்தது பைத்தியம். விடிந்தால் யூடியூப், பொழுது போனால் யூடியூப். யாரோ ஒரு பையன் டில்லியில் காரை அட்டைப்பெட்டி மேல் விட்டு நிறுத்திக் காட்டுவதை இவர் விஜயநகரில் உட்கார்ந்து மறுபடி மறுபடி பார்த்தார். மாதேவியிடம் சொன்ன காரணம் வேறு: "கிளச்ச மிதிச்சு மிதிச்சு முட்டி வலி தாங்கல. ஓட்டறதுக்குச் சுளுவா ஒரு வண்டி பாப்போம்." அவளும் நம்பினாள். முட்டிக்குத் தைலம்கூடத் தேய்த்துவிட்டாள்.

முதல் ஷோரூமில் ஒருவன் சன்ரூஃபைத் திறந்து காட்டினான். "வானம் பூரா தெரியும் சார்" என்றான். "வானம் தெரியறதுல எனக்கென்ன தம்பி பிரச்சினை? எடப்பக்கம் வர்றது தெரியுமா?" என்றார். அவன் மறுபடி சன்ரூஃபை மூடித் திறந்தான். இரண்டாவது ஷோரூமில் சுற்றிலும் கேமரா இருந்தது. மேலே நின்று பார்ப்பது போலக் காரும் ரோடும் திரையில் தெரிந்தன. ஆனால் அது நிறுத்தும்போதுதான் உதவும், வேகமாகப் போகும்போது இல்லை என்றார்கள். வெளியே வந்து செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் நடந்தார். எல்லாரும் மைலேஜ் கேட்கிறார்கள், கலர் கேட்கிறார்கள், இந்த ஆள் ஏன் இடப்பக்கத்தையே பிடித்துத் தொங்குகிறார் என்று மாதேவி முதல் தடவையாக யோசித்தாள்.

மூன்றாவது ஷோரூம் ஹுன்சூர் ரோட்டில். அங்கே விற்பனைக்கு நின்ற பெண் மனிஷா. இவர்கள் தமிழ் பேசுவதைக் கேட்டதும் முகம் மலர்ந்து, "நாங்களும் வீட்டுல தமிழ்தான் சார். ஆனா என் தமிழு ஸ்வல்ப கலாட்டாவா இருக்கும்" என்றாள். கலாட்டாவாக இருந்தாலும் கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னாள். பக்கத்தில் வண்டி வந்தால் கண்ணாடியில் விளக்கு எரியும். கோட்டைத் தாண்டினால் ஸ்டியரிங் மெதுவாக இழுத்து உள்ளே விடும். குறுக்கே ஆள் வந்தால் கத்தும், நாம் மிதிக்காவிட்டால் அதுவே மிதிக்கும். "ஆனா சார், அத நம்பிக்கிட்டு ஓட்டக் கூடாது. அது உதவிக்குத்தான். பார்க்கறது நீங்கதான் பார்க்கணும்" என்றாள். கடைசி வாக்கியம் செந்தில்நாதனின் காதுக்குள் போகவில்லை. போகவிட்டால்தானே.

ஓட்டிப் பார்க்கக் கிளம்பினார்கள். மனிஷா முன்னால் உட்கார்ந்தாள், விளக்கிச் சொல்ல வேண்டுமே. மாதேவி பின்சீட்டுக்குப் போனாள். தன் இடது கண் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டது என்பது செந்தில்நாதனுக்கு வண்டி நகர்ந்த பிறகுதான் உறைத்தது. ஹெப்பால் தொழிற்பேட்டைப் பக்கம் அகலமான ரோடு, அவ்வளவாகக் கூட்டம் இல்லை. போகப் போகக் கொஞ்சம் தைரியம் வந்தது. கால் இரண்டும் அடங்கின. ஸ்டியரிங் வெண்ணெய் மாதிரி திரும்பியது. இதுதான், இதுவேதான், இன்றைக்கே புக் பண்ணிவிடலாம் என்று நினைத்தார்.

அப்போது வண்டி வீறிட்டது. திரையில் சிவப்பு எரிந்தது. அவர் கால் அசைவதற்குள் வண்டி தானாகக் குலுங்கி நின்றது. பெல்ட் நெஞ்சை இறுக்கியது. முன்னால், பானெட்டை ஒட்டி, ஒரு ஃபேக்டரி வாட்ச்மேன் சாப்பாட்டுக் கேரியரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். இடப்பக்கத்திலிருந்து நடந்து வந்திருக்கிறார். எத்தனை தூரம் நடந்து வந்தாரோ, செந்தில்நாதனுக்கு அவர் அந்தக் கணம்தான் பூமியிலிருந்து முளைத்தார். வாட்ச்மேன் ஒரு வார்த்தை திட்டவில்லை. கேரியர் மூடியை அழுத்திப் பார்த்துவிட்டு நடந்து போனார்.

"சூப்பர் சார்!" என்று மனிஷா கை தட்டினாள். நடுக்கம் அவள் குரலிலும் இருந்தது. "எல்லாருக்கும் நான் இத வாயாலதான் சொல்லுவேன். நீங்க லைவா பார்த்துட்டீங்க. வேணும்னேதானே சார் பிரேக் போடாம விட்டீங்க? பாபரே, என்ன தைரியம்!"

நல்ல சாக்கு. தட்டில் வைத்து நீட்டினாள். செந்தில்நாதனும் எடுத்துக்கொண்டார். "ஆமாம்மா. வேலை செய்யுதான்னு பாத்தேன்" என்றார்.

சொல்லிவிட்டு நடுக்கண்ணாடியைப் பார்த்தார். அதில் மாதேவியின் கண்கள் இருந்தன. அவை மனிஷாவைப் பார்க்கவில்லை, ரோட்டைப் பார்க்கவில்லை. இந்தத் தடவை யாரும் 'எட' என்று கத்தவில்லை. யாரும் 'எடம்' என்று சொல்லவும் இல்லை. வண்டி கத்தியது எந்த மொழியிலும் இல்லை. தப்பாகக் காதில் விழுந்தது என்று சொல்ல ஒரு எழுத்துக்கூட மிச்சம் இல்லை.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் பழைய காரை அவர் ஊர்ந்து ஓட்டினார். அவள் முன்சீட்டில் இருந்தாள். அவர் கேட்பதற்கு முன்பே ஒவ்வொரு திருப்பத்திலும், "எடம் இருக்கு", "நில்லுங்க", "இப்ப வாங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அவர் கேட்கவே இல்லை. அவள் விடவும் இல்லை.

வீட்டில் அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். சமைத்தாள், துணி மடித்தாள். அவர் மாடிக்குப் போனார், கேட்டுக்கு வந்தார், மறுபடி மாடிக்குப் போனார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்! எல்லா விளக்கும் அணைகிற நேரத்தில் அவள் வாயைத் திறந்தாள். "சொட்டு மருந்து போட்டாச்சா?" என்றாள். அவ்வளவுதான். அவர் தலையை ஆட்டினார்.

காலையில் அவர் சட்டையை மாட்டிக்கொண்டு, "நான் போயி அந்த வண்டிய புக் பண்ணிட்டு வந்தர்றேன்" என்றார். அவள் எதையாவது சொல்வதற்குள் வேலையை முடித்துவிட வேண்டும் என்ற பரபரப்பு.

"இருங்க ரீ. நானும் வர்றேன்" என்றாள். ஆட்டோவையும் அவளே கூப்பிட்டாள்.

ஷோரூமில் மனிஷா சாவியை நீட்டியபோது மாதேவி கையை நீட்டி வாங்கினாள். "நான் ஒரு தடவை ஓட்டிப் பாக்கறேம்மா."

"உனக்கு என்ன புள்ள தெரியும்?" என்றார் செந்தில்நாதன், பழைய வேகத்தில்.

தெரியும். ஸ்கூட்டர் லைசென்ஸ் எடுக்கப் போனபோது கார் லைசென்ஸையும் சேர்த்தே எடுத்தவள் அவள். டிரைவிங் ஸ்கூலில் நன்றாகத்தான் ஓட்டினாள். அதற்குப் பிறகு ஒரே ஒரு தடவை இவர் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுக்கிறேன் பேர்வழி என்று போட்ட சத்தத்தில், குக்கரஹள்ளி ஏரிக்கரையில் வண்டியை நடுவில் விட்டு இறங்கி வீட்டுக்கு நடந்தே வந்துவிட்டாள். அதோடு காரை விட்டவள் ஸ்கூட்டரை விடவில்லை. லைசென்ஸையும் காலாவதி ஆகவிடாமல் புதுப்பித்து வைத்திருந்தாள். எதற்கு என்று அவர் எந்நாளும் கேட்டதில்லை.

மனிஷா பின்னால் ஏறினாள். செந்தில்நாதன் இடப்பக்கம் உட்கார்ந்தார். அந்த சீட்டில் உட்கார்ந்தால் முட்டியை எங்கே வைப்பது என்றே அவருக்குத் தெரியவில்லை.

மாதேவி முதலில் வண்டியைக் குலுக்கினாள். பிறகு ஹெப்பால் ரோட்டில் இரண்டு சுற்று சுற்றியதும் தோள் தளர்ந்தது. "இது ஸ்கூட்டர் மாதிரிதான இருக்கு! முறுக்கறதுக்குப் பதிலா மிதிக்கணும், அவ்வளவுதான" என்றாள். ஒரு தடவை கோட்டை மிதித்தபோது ஸ்டியரிங் தானாக அசைந்தது; "சரி சரி, கேட்டாச்சு" என்று அதற்கும் பதில் சொன்னாள். செந்தில்நாதனின் வலது கால் மட்டும் இல்லாத பிரேக்கைத் தேடித் தேடி மிதித்துக்கொண்டிருந்தது. மெதுவா, கண்ணாடியப் பாரு, ஆரன் அடி என்று நாக்கு நுனி வரை வந்ததையெல்லாம் விழுங்கினார். நன்றாகவே ஓட்டுகிறாள் என்பதுதான் அவரால் தாங்க முடியாமல் இருந்தது.

அவள் ஷோரூமுக்குத் திரும்பவில்லை. விஜயநகருக்குள் நுழைந்து வாட்டர் டேங்க் ரோட்டுக்கு விட்டாள். எதிரே ஒரு டெம்போ வந்தது. இடப்பக்கம் கெம்பம்மாவின் இளநீர் வண்டி நின்றது. மாதேவி நிறுத்தினாள். இந்த வண்டியிலும் கேமரா இருந்தது; நின்றதும் திரையில் படம் வந்தது. இளநீர் வண்டி, டெம்போ, நடுவே இருக்கும் சந்து எல்லாம் அதில் தெளிவாக இருந்தன. அவள் திரையைப் பார்க்கவில்லை. கணவன் பக்கம் திரும்பினாள்.

"எடம் இருக்கா?" என்றாள்.

இருக்கு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இத்தனை நாள் அப்படித்தானே ஓடியது. டெம்போக்காரன் ஆரன் அடித்தான். பின்னால் மனிஷா, "மேடம், ஸ்கிரீன்ல..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள்.

"எனக்குத் தெரியல மாதேவி" என்றார் செந்தில்நாதன். "எடப்பக்கம் எனக்குத் தெரியறதில்ல. டாக்டரு ஓட்டவே கூடாதுன்னு சொல்லிட்டாரு. அன்னிக்கே சொல்லிட்டாரு."

அவள் ஸ்டியரிங்கை விடவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு நேரே பார்த்தாள்.

"கொத்து ரீ" என்றாள். தெரியும் என்பதைக் கன்னடத்தில் சொன்னாள். "நேத்தே கொத்தாச்சு. உங்க வாயால சொல்லணும்னுதான் இருந்தேன். அந்த மனுசன் கேரியரப் புடிச்சிட்டு நின்னது கண்ணுலயே இருக்கு. நமக்கு மட்டும் ஏதாவது ஆகிட்டாக்கூடப் பரவால்ல ரீ..."

அவர் முகத்தை மறைக்க இடப்பக்கம் தலையை முழுக்கத் திருப்பினார். திருப்பியதால் கண்ணில் பட்டாள் கெம்பம்மா. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அரிவாளும் கையுமாக அவரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆளை அடையாளம் தெரிந்துவிட்டது. "அய்யோ, இவரா!" என்று அரிவாளைக் கீழே போட்டுவிட்டு, தள்ளுவண்டியை இரண்டு கையாலும் பிடித்து, காய்கள் குலுங்க, நடைபாதை ஓரத்துக்கு இழுத்து நிறுத்தினாள். இன்னும் ஒரு ஜாண் இழுத்தாள்.

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன செந்தில்நாதனுக்கு.

"எடம் இருக்கு புள்ள" என்றார். "இப்ப நெசமாலுமே இருக்கு. போ."

அவள் தானும் ஒரு தடவை குனிந்து இடப்பக்கம் பார்த்துக்கொண்டாள். பிறகுதான் மெதுவாக விட்டாள். ஷோரூம் போய்ச் சேரும்வரை அவர் வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டேதான் இருந்தது.